மூன்றாம் முடிச்சும் ஜெபல் அலி முருகனும்

போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, விருதுநகரில் என் தம்பிக்குக் கல்யாணம். மூன்றாவது முடிச்சு போட வேண்டிய நாத்தனார் நான். துபாயில் புது வேலைக்கு மாறியிருந்ததால் விசா கைக்கு வரவில்லை, லீவும் இல்லை. கிளினிக்கில் மாலை ட்யூட்டிதான். அறையில் உட்கார்ந்து அழுவதற்குப் பதில் கோயிலுக்காவது போகலாம் என்று கராமாவிலிருந்து கிளம்பினேன்.

புர்ஜுமானில் மெட்ரோ ஏறினால் ஜெபல் அலிக்கு ஏழரை திர்ஹம், முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அங்கிருந்து டாக்ஸிக்குப் பதினெட்டு ஆனது. பட்டுப்புடவையைப் பார்த்த பாகிஸ்தானி டிரைவர், "மந்திர்?" என்று மட்டும் கேட்டார்.

எல்லா ஊர்க்காரர்களும் வருகிற பெரிய கோயில். நம்மவர்களை முருகன் சன்னிதிப் பக்கம் பார்க்கலாம். சன்னிதியில் போன் எடுக்க முடியாது என்பதால், முகூர்த்த நேரத்துக்கு வெளியே வந்து செருப்பு வைக்கும் இடத்தருகே உட்கார்ந்து வீடியோ காலில் சேர்ந்தேன். சித்தி மகள்தான் போனைப் பிடித்திருந்தாள். தம்பி தாலியைக் கையில் எடுத்தான். படம் அப்படியே நின்றுவிட்டது. கெட்டிமேளம் மட்டும் கேட்டது. எனக்குப் பதிலாக யார் முடிச்சுப் போட்டார்கள் என்றுகூடத் தெரியவில்லை.

பக்கத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். இலங்கையில் ஹட்டன் பக்கம் ஊராம், ஒரு வீட்டில் வேலையாம். மாதத்தில் ஒரு வெள்ளிதான் வெளியே விடுவார்களாம். "யாரு கல்யாணம் அக்கா?" என்றாள். சொன்னேன். கையிலிருந்த பிரசாதப் பூவை உதிர்த்து, நின்றுபோன அந்தப் படத்தின் மேல் தூவினாள்.

"எங்கம்மா சாவ நான் இப்புடித்தான் பாத்தேன். கல்யாணத்துக்கு அழக் கூடாதுக்கா."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் அந்த வீட்டு வண்டி வந்துவிட்டது. அவசரமாக ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

திரும்ப உள்ளே போனேன். தம்பி பெயர், அவன் மனைவி பெயர், நட்சத்திரங்கள் எல்லாம் அர்ச்சகரிடம் சொன்னேன். இன்னொருவருக்கும் செய்ய வேண்டும் என்றேன். பெயர் கேட்டார். தெரியாது என்றேன்.

"பரவாயில்லம்மா, சாமி பேருக்கே பண்ணிடலாம்."

போகிறவர்களுக்கு: தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். விசேஷ நாளில் கூட்டம் இருக்கும், முன்பதிவு உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வர டாக்ஸி கிடைக்கத் தாமதமாகும், தண்ணீர் எடுத்துப் போங்கள். தனியாகப் போகிறீர்கள் என்றால், பக்கத்தில் தனியாக நிற்பவரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். பெயரை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.