பழனிக்கு நடந்த வாரண்டு

அப்பாவைப் பிடிக்க வந்த ஏட்டு, கடைசியில் அவரோடு சேர்ந்து பழனிக்கே பாதயாத்திரை போனார். எங்கள் வீட்டுக் கதையில் சிரிப்பதற்கென்று இருப்பது இந்த ஒன்றுதான்.

விவாகரத்து ஆனபோது அம்மாவுக்கு மாதாமாதம் ஜீவனாம்சம் கொடுக்கச் சொல்லிக் கோர்ட்டில் உத்தரவானது. அப்பா இரண்டு மாதம் கொடுத்தார். அப்புறம் ஆளையே காணோம். அம்மாவின் மில் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகப் போயிற்று. கட்டணம் கட்டவில்லை என்று நான்காம் வகுப்பில் என்னைத் தினமும் எழுப்பி நிற்க வைத்தார்கள். அம்மா மறுபடி கோர்ட் படியேறி வாரண்டு வாங்கினாள். அதை எடுத்துக்கொண்டு ஏட்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம், அப்பா வேலை பார்த்த கமிஷன் கடையில் ஒரே பதில்தான்: "கேரளாவுக்கு லோடு போயிருக்காருங்க."

"ஆளைக் காட்டுனாத்தாம்மா நான் பிடிக்க முடியும்" என்று ஏட்டு கையை விரித்தார்.

அம்மா யோசித்தாள். "தைப்பூசத்துக்கு மொத நாளு ஆயக்குடிக்கு வாங்க. அந்த வழியாத்தான் நடந்து வருவாரு."

எனக்கு ஆத்திரமாக வந்தது. மலைக்கு நடக்கக் காலிருக்கிறது, நம் வீட்டுக்கு வரத்தான் இல்லையா?

என்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் அன்று நானும் போனேன். ஆயக்குடி நீர்மோர்ப் பந்தலில் உட்கார்ந்து, அம்மா வாங்கிக் கொடுத்த கொய்யாவைத் தின்று முடிப்பதற்குள், பச்சை வேட்டியும் தாடியுமாக அப்பா வந்துவிட்டார். அம்மா கையை நீட்டிக் காட்டினாள். ஏட்டு போய்த் தோளைத் தொட்டார். அப்பா ஓடவில்லை. என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"கழுத்துல மாலை கிடக்கு சார். மலையேறி இறங்கிட்டு வந்துர்றேன்."

ஏட்டு அம்மாவிடம் வந்தார். "என்னம்மா செய்ய? ஆள் நழுவிட்டா என் வேலை போயிரும்."

"ஏறட்டும் ஏட்டய்யா. எறங்கி வருவாரு."

ஏட்டுக்கு நம்பிக்கை வரவில்லை. மாலை போட்டவர் மேல் கை வைக்கவும் பயம். பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே நடக்க ஆரம்பித்தார். அவரும் ஏதோ நேர்த்திக்கடன் செலுத்துகிறார் என்று நினைத்துப் பந்தல்காரர்கள் பானகம் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, "அரோகரா" வேறு சொன்னார். நாங்கள் பஸ்ஸில் போய் அடிவாரத்தில் காத்திருந்தோம்.

வெயில் சாயும்போது அப்பா மொட்டைத் தலையோடு இறங்கி வந்தார். பின்னால் ஏட்டு நொண்டிக்கொண்டு வந்தார்.

"யாருக்காகப்பா இம்புட்டுத் தூரம் நடக்குறீங்க?" என்று வெடுக்கென்று கேட்டேன். அவர் என் நெற்றி நிறையத் திருநீறு பூசினார். பிறகு ஏட்டோடு பஸ் ஏறினார். மூன்றாம் நாள் பெரியப்பா பாக்கியைக் கட்டி அவரை மீட்டார். கட்டணம் கட்டி நானும் முழுப் பரீட்சை எழுதினேன்.

கல்லூரிக்குப் போன பிறகுதான், அன்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னாய் என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஒரு வயசுல வலிப்பு வந்து பெரியாஸ்பத்திரியில கிடந்தே. புள்ளை பொழைச்சா பத்து வருசம் நடந்து வாரேன்னு உனக்காக நேர்ந்துகிட்டாரு. எனக்குன்னு சொன்ன காசுல ஏமாத்துவாரு. உனக்குன்னு சொன்னதுல தவற மாட்டாரு."

என் பள்ளிக்கூடக் கட்டணமும் அந்தக் காசில்தான் இருந்தது என்பது அப்பாவுக்கு உறைக்கவே இல்லை. எனக்கோ, என் கேள்விக்குப் பதிலாக மூக்கில் கொட்டிய திருநீற்றைத் துடைப்பதுதான் அன்று பெரிய வேலையாக இருந்தது.