சந்தேகம் என்றால் நில்

பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய வலது கை எதையாவது தூக்கி இறக்கிக்கொண்டிருக்கிறது. யாராவது தேநீர்க் கோப்பையை மேசை ஓரத்தில் வைத்தால் போதும். வாய் வேறு கதை சொல்லிக்கொண்டிருக்க, விரல்கள் அதை உள்ளே தள்ளச் சொல்கின்றன: இன்னும், இன்னும் கொஞ்சம், போதும். சாலையில் பின்னோக்கி வரும் லாரி எதையும் அவர் வழிகாட்டாமல் விட்டதில்லை. லாரிக்காரர் அவரைக் கேட்டிருக்கவும் மாட்டார்.

எங்கள் கட்டட சைட்டில் அவருக்குச் சிக்னல் அக்கா என்று பெயர். கிரேன் கூண்டில் இருப்பவருக்குக் கீழே நடப்பதெல்லாம் எறும்பு ஊர்வது போலத்தான் தெரியும். கம்பிக் கட்டு எந்தப் பக்கம் திரும்புகிறது, யார் தலைக்கு மேல் போகிறது என்று பார்த்து, கையாலும் வாக்கி-டாக்கியாலும் சொல்வது அக்காவின் வேலை. ஆள்காட்டி விரலை மேலே காட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: சந்தேகம் வந்தால் நிறுத்து, காரணத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

கூண்டில் இருப்பது அவருடைய கூடப்பிறந்த தம்பி. வாக்கி-டாக்கி வைத்திருக்கும் எல்லோருக்கும் அவர்கள் வீட்டுச் சண்டை இலவசம்.

"நிறுத்து."

"ஏன்க்கா?"

"நிறுத்துன்னா நிறுத்து."

"எவ்வளவு நேரம் அந்தரத்துலயே தொங்கவிடுறது? துணி காயப்போட்ட மாதிரி இருக்கு."

"காயட்டும். உனக்கென்ன, மேல உக்காந்து காலை ஆட்டிக்கிட்டு இருக்க."

அக்கா அடக்கமானவர் இல்லை. "நான் இல்லன்னா இந்தக் கட்டடம் தரையிலதான் படுத்திருக்கும்" என்று பொறியாளரிடமே சொல்லியிருக்கிறார். சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபடியே சாப்பிடுவார். ஒரு வாய், நான்கு எட்டு, மேலே ஒரு பார்வை. ஓய்ந்து நிற்கும் கிரேனைக்கூட அவர் நம்புவதில்லை.

அடுத்த வேலை பெரியது. ஒரே வானத்தில் இரண்டு கிரேன்கள் சுழலப் போகின்றன. இரண்டுக்கும் சிக்னல் சொல்பவர்களுக்கு ஒரு தலைவர் வேண்டும். அது தனக்குத்தான் என்று அக்கா முடிவு செய்து, ஊரெல்லாம் சொல்லியும் ஆகிவிட்டது. அப்போதுதான் நிர்வாகம் உளவியல் தேர்வைக் கொண்டுவந்தது. புதிதாகச் சேர்பவருக்கும் பொறுப்புக்கு உயர்பவருக்கும் கைத்திறன் மட்டும் போதாதாம், மனசையும் அளந்து பார்க்க வேண்டுமாம். அளக்க வந்த அம்மையார் மெதுவாகப் பேசுபவர். ஏசிக் குளிருக்குச் சால்வை போர்த்தியிருப்பார். ஆட்கள் அவருக்கு உடனே 'மனசு டாக்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

தேர்வுக் கேள்விகள் வரும் டேப்லெட்டைத் திறந்து கொடுப்பதும், கேட்பவர்களுக்கு வாசித்துக் காட்டுவதும் என் வேலை. யார் முகத்தையும் நேராகப் பார்க்க எனக்குக் கூச்சம். அதனால் கைகளைப் பார்ப்பேன். தச்சர்களின் விரல்கள் ஆணி அடிப்பதுபோலக் கண்ணாடியை அடித்தன. பெயின்டர் ஒருவர் ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு கட்டைவிரலைச் சட்டையில் துடைத்தார், பதில் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல.

திரையில் ஒரு வாக்கியம் வரும். கீழே ஐந்து கட்டங்கள். ஒரு கோடியில் 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்', மறு கோடியில் 'சிறிதும் இல்லை'. அக்காவுக்குப் படிக்கத் தெரியும். ஆனாலும், "நீயே வாசி தம்பி, எனக்கு மேல பாத்துப் பாத்துக் கிட்டத்துல இருக்கிறது கலங்குது" என்றார். வாசித்தேன். 'நான் விரைவாக முடிவெடுப்பேன்.'

"எந்த இடத்துல? காத்து எப்படி?"

"அதெல்லாம் போடலைக்கா."

"போடாம எப்படிச் சொல்றது?" என்று நடுக்கட்டத்தை அமுக்கினார். அடுத்ததற்கும் அதே கேள்வி, அதே கட்டம். முன்பின் தெரியாத சுமைக்கு என்ன செய்வாரோ அதையே வாக்கியங்களுக்கும் செய்தார்: ஒவ்வொன்றையும் அந்தரத்தில் நிறுத்தினார். முடித்துவிட்டு, "ஒண்ணைக்கூட இடிக்க விடல பாத்தியா" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

முடிவு வந்தது: 'முடிவெடுக்கத் தயங்குபவர். மறுதேர்வு தேவை.'

சைட்டில் செய்தி பரவ வாக்கி-டாக்கிகூடத் தேவைப்படவில்லை. "அக்கா, உங்க பேர் என்னன்னு கேட்டாலும் நடுவுலதானா?" என்று தச்சர்கள் கூப்பிட்டார்கள். அக்கா திருப்பித் திட்டினார். ஆனால் திட்டில் பழைய சூடு இல்லை. அன்று முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். ஜல்லிக் குவியலைச் சுற்றி வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார், போட்டார், வாரை இறுக்கினார், மறுபடி தளர்த்தினார்.

சாப்பாட்டு நேரத்தில் இறங்கி வந்த தம்பி பாடம் நடத்தினார். "ஓரத்துல அமுக்குக்கா. பயமே இல்லன்னு போடு. தயக்கமே இல்லன்னு போடு. என்ன, மெஷின் வந்து எட்டிப் பாக்கப் போகுதா?"

"நான் என்ன தயங்குறேனா?"

தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொல்வதுபோல அக்காவிடம் சொன்னார். "அந்தக் காத்துக்கு அப்புறம் அக்கா ரொம்ப நிறுத்துது. ஒண்ணுமில்லாததுக்கும் நிறுத்துது."

அந்தக் காற்று எங்களுக்கெல்லாம் மறந்துபோன ஒன்று. அக்கா திருப்பச் சொன்ன கம்பிக் கட்டு, திடீரென அடித்த காற்றில் சுழன்று ஒரு பலகையைத் தட்டிவிட்டது. பலகை விழுந்த இடத்தில் ஒரு கொத்தனார் கரண்டியை எடுக்க அப்போதுதான் குனிந்திருந்தார். முதுகை உரசிக்கொண்டு போய்விட்டது. அவர் எழுந்து சட்டையை உதறினார், எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்ததாகத்தான் எனக்கு ஞாபகம்.

"குனியலன்னா?" என்றார் அக்கா இப்போது.

"குனிஞ்சான்ல? விடுக்கா."

"அவன் குனிஞ்சான். நான் என்ன பண்ணேன்?"

தம்பி கை கழுவப் போனார்.

மறுதேர்வு மறுநாள் காலை. மனசு டாக்டரும் எதிரே உட்கார்ந்திருந்தார். "இதுல பாஸ் ஃபெயில் இல்லைங்க" என்றார். "ஆனா எல்லாத்துக்கும் நடுவுல அமுக்கினா, நீங்க யாருன்னே எனக்குத் தெரியாமப் போயிடும்."

"தெரிஞ்சு என்ன பண்ணுவீங்க?"

"தயக்கம் இருந்தா, கொஞ்ச நாள் கூட ஒருத்தரைப் போட்டுப் பழக்குவோம். சரியாகிடும்."

"ரெண்டு கிரேனு?"

அம்மையார் சால்வையைச் சரிசெய்துகொண்டார். "பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்லைங்க. இந்தத் தடவை வேற யாருக்காவது போயிடும்."

அக்கா தலையாட்டினார். ஆரம்பித்தோம். தம்பி சொல்லிக்கொடுத்தபடியே விரல் கோடிகளில் பாய்ந்தது. காற்று எப்படி என்று கேட்கவில்லை. நான் வாசித்து முடிக்குமுன்பே பதில் விழுந்தது. அம்மையாரின் பேனா எதையோ எழுதப் போய் நின்றது. நன்றாகத்தான் போகிறது, இரண்டு கிரேனும் அக்காவுக்குத்தான் என்று நினைத்தேன். ஆனாலும் அடுத்த வாக்கியத்தை வேண்டுமென்றே மெதுவாக வாசித்தேன்.

கடைசிப் பக்கத்தில் அந்த வாக்கியம் வந்தது. 'என் தவறால் இன்னொருவருக்கு அடிபட்டுவிடுமோ என்ற பயம் என் வேலையைத் தடுக்கிறது.'

அக்கா என்னை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். சன்னலுக்கு வெளியே தம்பியின் கிரேன் யாருடைய சிக்னலுக்கோ காத்து நின்றது. அக்காவின் விரல் 'சிறிதும் இல்லை' மீது போய் நின்றது, தொடவில்லை. அங்கிருந்து கட்டம் கட்டமாகக் கண்ணாடிக்கு மேலேயே நகர்ந்து வந்தது. நடுவில் தங்கவில்லை. கடைசிக் கோடிக்கு வந்து, 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' மேல் இறங்கியது.

விரலை எடுத்தால்தான் அந்த டேப்லெட்டில் பதில் பதியும். அழுத்தியபடியே வைத்திருந்தார், நகம் வெளுக்கும்வரை. அந்தக் கை அவ்வளவு அசையாமல் இருந்து நான் பார்த்ததில்லை. பிறகு டேப்லெட்டை இடது கையால் மெல்லத் திருப்பி, அம்மையாருக்கு நேராக வைத்துவிட்டு, விரலை எடுத்தார்.