அம்மாவின் கால் வலியும் மிஸ்ஸியின் பாரமும்

மலேசியாவில், கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடுகள். அந்தப் பன்னிரண்டிலும் ஐந்தாம் படிவம் வரை படித்துத் தேறியவன் நான் ஒருவன்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆளும் நான்தான். அதனால் பிறந்த பத்திரமோ, தண்ணீர்க் குழாய் மனுவோ, துறைமுக வேலை விண்ணப்பமோ, நிரப்ப வேண்டிய எந்தப் பாரம் வந்தாலும் எங்கள் ஹாலில் இருந்த மேசைக்கு வந்துவிடும். காலையில் அதில் சாப்பிடுவோம். மதியம் அம்மா அதன்மேல் துணி தேய்ப்பார். சாயங்காலம் அது என் ஆபீஸ். நீலப் பேனா ஒன்று, கறுப்புப் பேனா ஒன்று, அடிக்கோல் ஒன்று. எழுதி முடித்ததும் பாரத்தின் அடியில் என் கையெழுத்தைப் பெரிதாகப் போடுவேன். யாரும் கேட்டதில்லை. எனக்கு அந்தக் கையெழுத்து பிடிக்கும், அவ்வளவுதான்.

இது நடந்தபோது எனக்கு இருபது வயது. எண்பதுகளின் நடுப்பகுதி. அரசாங்கக் கிளினிக்கிலிருந்து ஒரு மிஸ்ஸி வந்தார். நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். தமிழ்ப் பெண். குடையை மடக்காமலேயே வாசலில் நின்று பேசினார். கல்யாணம் ஆன பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் ஒரு சோதனை செய்யப்போகிறார்கள், புற்றுநோய் வருவதற்கு முன்பே அதன் அறிகுறி இருந்தால் தெரிந்துவிடும் என்றார். வீட்டுக்கு ஒரு பாரம் கொடுத்தார்.

"நெரப்பி எடுத்துட்டு வாங்கக்கா. பயப்பட ஒண்ணும் இல்ல லா."

அம்மா அதை வாங்கி அரிசித் தகரத்தின் மேல் வைத்தார். "எனக்கு எதுக்கு? எல்லாம் நின்னு மூணு வருஷம் ஆச்சி."

பக்கத்து வீட்டு ஆன்டி விடவில்லை. பிஸ்கட் ஃபேக்டரியில் வேலை, ஐந்து பிள்ளைகள், வரிசை முழுக்கக் கேட்கிற குரல். ஆனால் கிளினிக் என்றால் மட்டும் அவருக்கு நடுக்கம். "நீங்க வரலன்னா நானும் போக மாட்டேன்க்கா."

"வரல. ஆனா எல்லார் வீட்டுப் பாரமும் போவும்போது நம்ம வீட்டுது மட்டும் போவலன்னா என்னா நெனைப்பாங்க? எழுதி மட்டும் குடுத்துருவோம்" என்றார் அம்மா.

சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தவரும் அம்மாதான். எங்கள் வீட்டுச் சுவரில், குதிரைப் பந்தய நாள்களில் குட்டிக் குதிரைப் படம் போட்ட காலண்டர் தொங்கும். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, குதிரை தெரியும். குதிரை இருந்தால் அன்றைக்கு அப்பா சாயங்காலம் வரை வீட்டில் இருக்க மாட்டார்.

இரண்டு பேரும் சமையலறையில் உட்கார்ந்துகொண்டார்கள். நடுவில் துணித் திரை. நான் ஹாலில், திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காலண்டரைப் பார்த்தபடி. இந்த ஏற்பாட்டை யாரும் பேசி முடிவு செய்யவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களிடம் நான் எதையும் கேட்கவில்லை, காலண்டரிடம்தான் கேட்கிறேன் என்பது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

முதலில் ஆன்டியின் பாரம்.

"எத்தனை பிள்ளைங்க, எத்தனை பிரசவம், கருச்சிதைவு இருந்தா எத்தனைன்னு கேட்டிருக்கு" என்றேன் காலண்டரிடம்.

"அஞ்சு உசுரோட இருக்கு. ஒண்ணு தங்கல. தம்பி, சத்தமா படிக்காத லா, அடுத்த வீட்டுக்குக் கேக்கும்" என்றார் ஆன்டி, அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படியாக.

அடுத்த கேள்வி என் காதைச் சுட வைத்தது. கடைசி மாதவிலக்கு எந்தத் தேதியில் தொடங்கியது?

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம். பிறகு குசுகுசு. பிறகு ஆன்டி சொன்னார்: "தேதியெல்லாம் யாரு வச்சிருக்கா? அம்மன் கோயில்ல கூழ் ஊத்துனாங்கல்ல? அன்னைக்கு நான் போவல. அதுக்கு மொத நாளு."

மாதவிலக்கு நாள்களில் எங்கள் பெண்கள் கோயிலுக்குப் போக மாட்டார்கள், வீட்டுச் சாமி மேடையில் விளக்கும் ஏற்ற மாட்டார்கள். அதனால் தேதி ஞாபகம் இல்லாவிட்டாலும் தவறிப்போன பூசை ஞாபகம் இருக்கும். நான் காலண்டரில் கூழ் ஊற்றிய நாளைக் கண்டுபிடித்து, அதிலிருந்து ஒரு நாளைக் குறைத்து, கறுப்பு மையில் எழுதினேன். கணக்குப் பாடத்தில்கூட எனக்கு அவ்வளவு பெருமை வந்ததில்லை. முந்தைய மாதத் தேதிக்கும் அதே வழி: எந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகவில்லை? உடனே பதில் வந்தது.

"தம்பிக்கு மூளையப் பாருங்கக்கா" என்றார் ஆன்டி. அம்மா பெருமையைக் காட்டாமலிருக்கக் கரண்டியால் எதையோ தட்டினார்.

பிறகு அம்மாவின் பாரம். வயது ஐம்பத்திரண்டு. மூன்று பிள்ளைகள். மாதவிலக்கு நின்று மூன்று வருடம். எல்லாம் மளமளவென்று போனது.

"நின்ன பெறகு எப்பவாவது ரத்தம் பட்டுச்சான்னு கேட்டிருக்கு."

"இல்லன்னு போடு" என்றார் அம்மா.

இல்லை என்ற கட்டத்தில் கோடு போட்டேன். போட்டுவிட்டுத் தலை நிமிர்ந்தேன். எதிரில் அதே காலண்டர். சற்று முன் கண்டுபிடித்த கணக்கு இன்னும் தலைக்குள் சூடாக இருந்தது. போன மாதம் இரண்டு வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அர்ச்சனைத் தட்டு எடுத்துக்கொண்டு போனது யார்? நான். அம்மாவுக்குக் கால் வலி என்றார்.

படித்தவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் பாடம் யாரும் நடத்தவில்லை.

"போன மாசம் ரெண்டு வெள்ளிக்கிழம நான்தான் தட்டு எடுத்துட்டுப் போனேன்" என்றேன் காலண்டரிடம்.

"கால் வலி" என்றது திரை.

"அந்த ரெண்டு நாளும் வீட்டு வெளக்கையும் நான்தான் ஏத்துனேன்."

கரண்டிச் சத்தம் நின்றது. சாமி மேடை சமையலறைக்கு நான்கு எட்டு. எந்தக் கால் வலியும் அந்த நான்கு எட்டைத் தடுக்காது. அதுவும் அந்த இரண்டு வெள்ளிக்கிழமையும் அம்மா பாசாருக்குக் காய்கறி வாங்க நடந்தே போய், இரண்டு கையிலும் கூடையோடு நடந்தே திரும்பியிருந்தார்.

"ஆமாக்கா..." என்று ஆன்டி இழுத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாகப் பேசினார்.

திரை விலகியது. அம்மா கரண்டியோடு நின்றார். "ஒன்னய படிக்க வச்சது ஊருக்கு மனு எழுதவா, என்னைய வேவு பாக்கவா?"

அன்றைக்கு எனக்குச் சோறு ஆன்டி வீட்டில்தான்.

அம்மா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. ஆனால் ஆன்டியிடம் பேசினார். ஆன்டியிடம் பேசினால் அது எனக்கு வந்து சேரும் என்பது அம்மாவுக்குத் தெரியாததல்ல. திங்கள்கிழமை சாயங்காலம் ஆன்டி என் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, கிளினிக்குப் பாரம் குடுக்கப் போறப்ப மிஸ்ஸிகிட்ட சிலது கேக்கணும். எழுதிக்க. எனக்கில்ல. பஸ் ஸ்டாப்புல ஒரு அம்மா கேட்டாங்க."

நான் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, மேல் வரியில் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு, கேள்விகளுக்கு எண் கொடுத்தேன். அந்தப் பஸ் ஸ்டாப் அம்மாவுக்குக் கேள்விகள் நிறைய இருந்தன. இடையிடையே ஆன்டி தன்னுடையதையும் நுழைத்தார். கடைசிக் கேள்வியைச் சொல்லும்போது சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"எல்லாம் நின்ன ஒரு பொம்பளைக்கு... திரும்ப வயசு வருமா? மொத தடவ பட்டப்ப, திரும்ப எளமையாவுறோமோன்னு அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகூட இருந்துச்சாம். அப்பறம்தான் பயம். பேரப்பிள்ள எடுத்தவளுக்கு இது என்னா கூத்துன்னு வெளிய சொல்ல வெக்கம்."

நான் எழுதினேன். நான்கைந்து வருடத்துக்கு முன் எங்கள் வரிசைக் கடைசி வீட்டில் ஒரு பெண் வயிற்றுக் கட்டியால் இறந்திருந்தார். வெளியில் தெரிந்தபோது நாள் கடந்துவிட்டது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டது எனக்கு ஞாபகம் இருந்தது.

மறுநாள் காலையிலேயே கிளினிக்குப் போனேன். நீளமான பெஞ்சுகளில் பெண்கள், பெரும்பாலும் கர்ப்பிணிகள். கவுண்டரில் அதே மிஸ்ஸி. நான் இரண்டு பாரங்களையும் நீட்டினேன். ஒன்றைப் புரட்டிப் பார்த்தார். அடியில் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கையெழுத்து யாரோடது?"

"என்னோடது மிஸ்ஸி."

"அப்ப அஞ்சு பிள்ள பெத்தது நீங்கதான். பிரசவம்லாம் சுகம்தானா தம்பி?"

முன் பெஞ்சு முழுக்கச் சிரித்தது. ஒரு கர்ப்பிணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் நோட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு முதல் கேள்வியைப் படித்தேன். நிறுத்தினால் ஓடிவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

"ஒண்ணு. வலிக்குமா?"

"கொஞ்சம் சங்கடமா இருக்கும், அவ்ளோதான். ஒடம்பத் தளர்வா விட்டா சீக்கிரம் முடிஞ்சிரும்."

"ரெண்டு. கர்ப்பப்பையச் சொரண்டி எடுத்துருவாங்களா?"

"ஐயோ, இல்ல லா. ஐஸ்கிரீம் குச்சி மாதிரி ஒண்ண வச்சி அந்த வாய்ப் பக்கமா லேசா தடவி எடுப்போம். கண்ணாடித் துண்டுல பூசி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். கர்ப்பப்பை இருந்த எடத்துலயேதான் இருக்கும்."

"மூணு. பிள்ள பெத்துக்காம இருக்க ஆபரேஷன் செஞ்சவங்களுக்கும் வேணுமா?"

"வேணும். எல்லாம் நின்னவங்களுக்கும் வேணும்."

"நாலு. வெள்ள படுறது வியாதியா?" இதைப் படிக்கும்போது என் குரல் பன்னிரண்டு வயதுக்குத் திரும்பிப் போயிருந்தது.

மிஸ்ஸி இப்போது என்னிடம் பேசவில்லை, எனக்குப் பின்னால் இருந்த பெஞ்சுகளிடம் பேசினார். "கொஞ்சமா வர்றது எல்லாருக்கும் உள்ளதுதான். நாத்தம், அரிப்பு, நெறம் மாறுறது இருந்தா வந்து காட்டணும். வீட்டுல வச்சி மருந்து பண்ணக் கூடாது." பெஞ்சுகளில் சிரிப்பு அடங்கியிருந்தது. ஒருத்தர் பக்கத்தில் இருந்தவருக்கு மலாயில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு. டாக்டர் ஆம்பளையா?"

"இந்தச் சோதனைய மிஸ்ஸிங்க நாங்களே செய்வோம்."

ஆறாவது கேள்விக்கு வந்தேன். "பஸ் ஸ்டாப்புல இருக்குற ஒரு அம்மாவுக்கு... நின்னு மூணு வருஷம் கழிச்சித் திரும்ப ரெண்டு மூணு தடவ பட்டிருக்கு. திரும்ப வயசு வருதான்னு..."

மிஸ்ஸி பேனாவைக் கீழே வைத்தார். இரண்டாவது பாரத்தை எடுத்து, நான் கோடு போட்ட கட்டத்தைப் பார்த்தார். அதை மெதுவாக அடித்துவிட்டுப் பக்கத்துக் கட்டத்தில் கோடு போட்டார்.

"வயசு திரும்பாது தம்பி. நின்ன பெறகு ஒரே ஒரு சொட்டு பட்டாலும் டாக்டர் பாக்கணும். முக்காவாசி சின்ன விஷயமாதான் இருக்கும். ஆனா பாக்காம சொல்ல முடியாது. அந்த அம்மாவ நாளைக்கே கூட்டிட்டு வாங்க. பஸ்ஸுக்குக் காத்திருக்க வேணாம்னு சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து, ஆறு பதில்களையும் ஹாலில் நின்று காலண்டரிடம் சத்தமாகப் படித்தேன். கடைசியைப் படித்து முடித்ததும் அம்மா சமையலறையிலிருந்து கேட்டார்: "நாளைக்கு குதிர இருக்கா?"

"இல்ல. நாளைக்குப் புதன்கிழம."

"அப்ப ஒங்கப்பா வேலைக்குப் போன பெறகு."

மறுநாள் அம்மாவும் ஆன்டியும் பட்டுப் புடவையில் கிளம்பினார்கள். கிளினிக்குக்கு எதற்குப் பட்டு என்று நான் கேட்கவில்லை. கேள்வி கேட்பதில் அந்த வாரம் எனக்குப் போதுமான அனுபவம் ஆகியிருந்தது. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். முந்தின நாள் சிரித்த கர்ப்பிணி அன்றைக்கும் வந்திருந்தார். என்னைப் பார்த்துத் தன் பெஞ்சில் இடம் விட்டார். மிஸ்ஸி கதவைத் திறந்து, "பஸ் ஸ்டாப் அம்மா வந்தாச்சா?" என்று குரல் கொடுத்தார். அம்மா திரும்பி என்னைப் பார்த்த பார்வைக்குக் கரண்டியே தேவலாம்.

ஆன்டி கால் மணி நேரத்தில் வெளியே வந்து, "இதுக்கா ரெண்டு ராத்திரி தூங்கல?" என்றார். அம்மா வர நேரமாயிற்று. டாக்டரும் பார்த்தார். கர்ப்பப்பை வாயில் ஒரு சின்னச் சதை வளர்ச்சி தெரிகிறது என்று கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். அங்கே அதை எடுத்தார்கள். உள்ளேயிருந்தும் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு கடிதத்தில் வரும் என்றார்கள்.

அந்த வாரங்களில் அம்மா தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தத்தை அப்பாவின் சத்தத்தைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார். சத்தம் கேட்டதும் சமையலறைக்குள் போய்விடுவார். வந்த கடிதங்களை நான் ஒவ்வொன்றாகப் பார்த்து, "இல்ல" என்பேன். "நான் கேக்கலையே" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கடிதம் வந்தது. அம்மா திரைக்குப் பின்னால் போய்விட்டார். ஆன்டி வாசலில் நின்றார். நான் வழக்கம்போலக் காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு முறை மனதுக்குள் படித்தேன். மலாய் எனக்கு நன்றாகத் தெரியும், இருந்தாலும் இன்னொரு முறை படித்தேன்.

"என்னாதான் போட்டிருக்கு?" திரை கேட்டது.

"எடுத்தது சாதாரணச் சதை. புத்துநோய் இல்லையாம். மத்ததும் சுத்தமாம். திரும்ப ரத்தம் பட்டா மட்டும் ஒடனே வரணுமாம். இல்லன்னா அடுத்த வருஷம் வந்தா போதும்."

"நல்லா பாத்தியா?"

"ரெண்டு தடவ பாத்தேன்மா."

திரைக்குப் பின்னால் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. நெடுநேரம் ஓடியது. பிறகு அம்மா தலைக்குக் குளித்துவிட்டு வந்து, சாமி மேடையில் தானே விளக்கு ஏற்றினார். தட்டில் தேங்காயும் வெற்றிலையும் எடுத்து வைத்தார். நான் வழக்கத்தில் கையை நீட்டினேன். தட்டை எனக்குத் தராமல் செருப்பைத் தேடினார்.

"கால் வலி எப்பிடிக்கா இருக்கு?" என்றார் ஆன்டி வாசலிலிருந்து, வரிசைக்கே கேட்கிற பழைய குரலில்.

"தம்பி படிச்சிட்டான்" என்றார் அம்மா. "சரியா போச்சி."