நாஸர் விற்றது நல்ல பற்றரி

செய்தி எனது போனுக்கே வந்தது. எழுபது வயது வரை எழுதப் படிக்கத் தெரியாமல் இருந்தவன் நான். பள்ளிவாசல் வகுப்பில் சேர்ந்து வாசிக்கப் பழகி இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. கடையில் பாண் சுற்றித் தரும் கடதாசியைக்கூட விடாமல் வாசிக்கும் சந்தோஷத்தில் இருக்கிறேன். அன்றும் அந்தச் சந்தோஷத்தோடுதான் எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். "வாப்பா மௌத்து" என்று வந்து நின்றது. அனுப்பியவர் நாஸரின் மகன்; இறந்தது நாஸர்.

கற்பிட்டியில் போன் திருத்திவந்த நாஸரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவரைப் பற்றிப் பிழையான கதை ஒன்றும் கேட்டிருப்பீர்கள். அதைக் கிளப்பிவிட்டவன் நான்.

என் போனுக்கு அவர் புதுப் பற்றரி போட்ட நாளில், பழையது ஏன் போனது என்று கேட்டேன். "சார்ஜ் ஏறி இறங்கக்குள்ள ஒவ்வொரு தரமும் கொஞ்சம் தேயும் காக்கா, உங்கட முழங்கால் மாதிரி," என்றார், சொந்த அண்ணனோடு கதைப்பது போல. கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "கெதியாத் தேயாம இருக்கிற வழிய எழுதித் தாறன். வாசிச்சுப் பாருங்க." கடதாசித் துண்டை வாங்கி, வாசிக்கத் தெரிந்தவன் போலத் தலையாட்டிச் சட்டைப்பையில் போட்டேன்.

அப்போது நான் மீன்பிடிக்கப் போய்வந்த காலம். நடுக்கடலில் போன் நின்றுவிட்டால் கரைக்குச் சொல்ல வழியில்லை. ஆகவே எப்போதும் நூறிலேயே வைத்திருந்தேன். உப்புத் தண்ணீர் படக்கூடாதென்று மூன்று சொப்பிங் பைகளில் சுற்றி, பவர் பேங்க்கைப் பூட்டிச் சார்ஜ் ஏறியபடியே படகின் முன்பக்க அணியத்துப் பெட்டிக்குள் வைப்பேன். உச்சி வெயிலில் அந்தப் பெட்டியின் மூடியில் கை வைக்க முடியாது. நான்கே மாதத்தில் பற்றரி ஊதித் திரையைத் தூக்கிவிட்டது.

மீன் வாங்க வந்த நாஸரைக் கரையில் கண்டதும் கத்தினேன். "பழசப் போட்டுட்டுப் புதுசெண்டு ஏமாத்தினவன் இந்தா வாறான்!" மீன் ஏலம் நின்றது. "அப்ப நாங்களும் பழைய மீனக் குடுப்பமா?" என்று ஒருவர் நக்கலடித்தார். நாஸர் சொன்னது இவ்வளவுதான்: "போனக் கடைக்குக் கொண்டு வாங்க காக்கா. இனி அத சார்ஜ்ல போடாதீங்க, குத்தியும் பாக்காதீங்க."

கடையில் கேட்டார்: "துண்டுல எழுதினபடி செஞ்சீங்களா?"

"ஓம், ஒண்டும் விடல்ல."

வாசிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கம். நாஸர் என்னை நம்பினார். அப்படியென்றால் பற்றரியில்தான் பிழை என்று வேறொன்றைச் சும்மா போட்டுத் தந்தார். கடைக்கு அதே பெட்டியில் வந்த மற்றப் பற்றரிகளையும் அலுமாரியிலிருந்து எடுத்து ஒதுக்கினார். ஒன்றைக்கூட விற்கவில்லை. கரையில் பலர் வேறு கடை தேடிப் போனார்கள்.

பிறகு நான் கடலுக்குப் போவதை விட்டேன். போன் வீட்டு நிழலில் கிடந்தது. இரண்டாவது பற்றரிக்கு ஒன்றும் ஆகவில்லை. வாசிக்கப் பழகியதும் அந்தத் துண்டை ஆசையோடு தேடி எடுத்தேன். சூட்டில் வைக்க வேண்டாம். வெயிலில் சார்ஜ் போட வேண்டாம். எண்பதில் கழற்றவும். இருபதுக்குக் கீழே விட வேண்டாம். கடலுக்குப் போகும் அன்று மட்டும் நூறு வரை நிரப்பவும். அந்தக் கடைசி வரி எனக்காகவே எழுதியது.

மன்னிப்புக் கேட்கப் போனேன். பிளேன்டீ குடித்தேன். காற்றைப் பற்றிக் கதைத்தேன்.

"இப்ப பற்றரி எப்படிக் காக்கா?"

"நல்லாயிருக்கு."

"அப்ப முதல் பற்றரி வந்த பெட்டிதான் பிழை."

"ஓம்," என்றேன். அதுதான் எங்கள் கடைசிக் கதை.

அந்தப் பற்றரிப் பெட்டியில் பிழை இல்லை. நாஸர் விற்றது நல்ல பற்றரி. கெடுத்தவன் நான். நேற்று ஏலத்தில் நின்று இதைச் சொன்னேன். அங்கே இல்லாதவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒருமுறை ஒரு டீச்சர் புது மாதிரிப் போன் ஒன்றைக் கொண்டுவந்தார். கடை நிறைய ஆட்கள். நாஸர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது எனக்குத் தெரியாது டீச்சர், சிலாபத்துக் கடையில காட்டுங்க," என்றார். குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. தொழில்காரன் இப்படித் தன் மதிப்பைக் கெடுப்பதா என்று அன்று நினைத்தேன். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்த "எனக்குத் தெரியாது" தான். இந்த வயதில் அதைச் சொல்லப் பழகுகிறேன். வாசிப்பதைவிட அது கடினமாக இருக்கிறது.