பவுலின் அழிக்காத மடல்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் என் தோழி பவுலின் நடத்திய பிரவுசிங் சென்டரைக் கவிழ்த்தவன் சந்திரன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவன் யோக்கியன் வேஷம் போடுவதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

1999இல் இருவரும் கூட்டாளிகள். அங்கிருந்த கம்ப்யூட்டர்களில் எல்லாம் திருட்டு விண்டோஸைப் போட்டவனே அவன்தான். பிரிந்துபோய் பிரேசர் டவுனில் தனியாகக் கடை திறந்தான். உடனே யாரோ திருட்டு விண்டோஸ் பற்றித் தகவல் கொடுத்து, போலீஸ் வந்து பவுலினின் கம்ப்யூட்டர் பெட்டிகளை ஜீப்பில் ஏற்றியது. தெருவே வேடிக்கை பார்த்தது. சர்ச்சில் பக்கத்து பெஞ்சுக்காரிகள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அந்த யாரோ யாரென்று பவுலினுக்குத் தெரியும். நிரூபிக்கத்தான் வழியில்லை.

அவள் அழவில்லை, கறுவினாள். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் இருந்தது. காசு கொடுக்க வேண்டாம், எந்தப் போலீசும் கேட்க முடியாது. வீட்டில் கிடந்த பழைய பெட்டியில் அதைப் போட்டாள். முதல் தடவை அது கேட்ட ஒரு கேள்விக்குத் தப்பாக ஆமாம் சொல்லி, டிஸ்க்கில் இருந்த கல்யாணப் படங்களையெல்லாம் துடைத்துவிட்டாள். அதற்கும் சந்திரனைத்தான் திட்டினாள். கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டித் தட்டிப் பழகினாள்.

"ஒவ்வொரு தடவை என்டர் தட்டும்போதும் அவன் மண்டையில குட்டற மாதிரி இருக்கும்டி" என்பாள் என்னிடம்.

சீக்கிரமே தொம்மலூர் ஆபீஸ்கள் தங்கள் சர்வர்களை அவளிடம் ஒப்படைத்தன. ஊரிலுள்ள லினக்ஸ்காரர்களுக்காக ஒரு மின்னஞ்சல் குழுவும் தொடங்கினாள். அது ஓடியது அவளுடைய சர்வரில்.

போலீஸ் தன் கடைக்கும் வரும் என்று பயந்து சந்திரனும் லினக்ஸுக்கு மாறி, சில ஆபீஸ்களின் வேலையையும் பிடித்தான். அவன் மெயில் சர்வர் மக்கர் பண்ணியது. குழுவில் வந்து கேட்டான். பவுலின் ஒழுங்காகப் பதில் எழுதினாள்.

"பைத்தியமா உனக்கு? அவனுக்குப் போய் சொல்லித் தர்றியே!" என்று கத்தினேன்.

"குழுன்னா யார் கேட்டாலும் சொல்லித்தான் ஆகணும்" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான் மடையன். அவளுக்கு மட்டும் போகும் என்று அந்த மடலுக்கே பதில் போட்டான். குழுவில் பதில் போட்டால் எல்லோருக்கும் போகும். புதிதாக வருகிறவர்கள் வழுக்கி விழும் இடம் அது.

"அக்கா, அன்னிக்கு போலீசுக்குச் சொன்னது நான்தான். மனசுல வச்சுக்காதீங்க. ஒருவாட்டி வந்து என் சர்வரைப் பாருங்க."

அவனை நம்பி வேலை கொடுத்திருந்த ஆபீஸ்காரர்கள் உட்பட ஊரே படித்தது. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. மறுநாள் போன் செய்தான். பவுலின் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அக்கா, அந்த மெயிலை எடுத்துடுங்க. பழைய மெயிலெல்லாம் நெட்ல யார் வேணா பாக்கலாமாமே. உங்களால அழிக்க முடியாதா?"

"முடியும்டா. ஒரு வரி தட்டினா போதும்."

"தட்டுங்கக்கா, கால்ல விழறேன்."

"மாட்டேன்."

போனை வைத்துவிட்டு, அந்த மடலை இன்னொரு டிஸ்க்கிலும் ஏற்றி வைத்தாள்.