அண்ணி சொன்ன மூன்றாவது வாக்கியம்

என் அண்ணிக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்ததைப் போல ஒரு கொடுமையை என் இருபது வருட டியூஷன் வாழ்க்கையில் நான் அனுபவித்ததில்லை. எத்தனையோ மக்குகளைக் கரையேற்றியவன் நான். அண்ணி மக்கு இல்லை, அதுதான் பிரச்சினை. எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அதை நேராகச் சலவைக்கூடத்துக்குக் கொண்டுபோய்விடுவார்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவருக்கு இருபத்தாறு வருட வேலை. ஈரத் துணி மூட்டைகளைத் தூக்கித் தூக்கி வலது தோள் போய்விட்டது. இனிமேல் பளு தூக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மிச்சமிருந்த ஒரே வழி மேற்பார்வையாளர் வேலை. அதற்கு ஆங்கிலத்தில் நேர்முகத் தேர்வு உண்டு. இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. மூன்றாவது முறைதான் கடைசி. அதுவும் போனால் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

தேர்வில் ஒரு சொல்லைக் கொடுத்து, அதை வைத்து மூன்று வாக்கியம் சொல்லச் சொல்வார்கள். புது நிர்வாகத்துக்கு ரெசிலியன்ஸ் என்ற சொல்லின் மேல் தீராத காதல். அது இல்லாமல் அங்கே ஒரு சுற்றறிக்கைகூட வெளியே வராது. அதைத்தான் கேட்பார்கள் என்று எனக்குப் பட்டது. அடிபட்டு விழுந்தாலும் மறுபடி எழுந்து நிற்கிற திடம் என்று அர்த்தம் சொன்னேன். பக்கத்தில் ‘ஹேவ்’ அல்லது ‘ஷோ’ போட்டால் போதும், பாதி வேலை முடிந்தது என்றேன்.

மறுநாள் நோட்டை நீட்டினார். காலை 6.10 மணிக்கு நாலாம் நம்பர் மெஷின் ரெசிலியன்ஸ் காட்டியது, 48 ஷீட் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

“ரெசிலியன்ஸ் என்ன பஸ்ஸா அண்ணி, வர்ற நேரம் போடறதுக்கு?”

“நேரமும் எண்ணிக்கையும் இல்லாம ரிஜிஸ்டர்ல எழுதினா மேட்ரன் கையெழுத்துப் போட மாட்டாங்க தம்பி.”

“இது ரிஜிஸ்டர் இல்ல. மனுஷங்களைப் பத்தி எழுதுங்க.”

எழுதினார். பாய்லர்காரர் மாரடைப்புக்குப் பிறகு மதியம் இரண்டு மணிக்கு ரெசிலியன்ஸுடன் வேலைக்குத் திரும்பினாராம். நான் சிவப்புப் பேனாவால் அந்த ‘இரண்டு மணி’யைக் கோடு போட்டு அடித்தேன். சரி, உங்களைப் பற்றி ஒன்று எழுதுங்கள் என்றேன்.

“என்னைப் பத்தி என்ன இருக்கு?” என்று எழுந்துபோய்விட்டார்.

எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இதைச் சொல்ல இன்று வெட்கமாக இருக்கிறது. ஆறு வருடங்களுக்கு முன் என் அண்ணன் அதே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். நான் டியூஷனை மூடிவிட்டு இரண்டு மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். அண்ணியோ நாலாவது நாளே வேலைக்குக் கிளம்பிவிட்டார். கல் நெஞ்சு என்று நினைத்தேன். ஒரு மாதம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தேர்வு நாளன்று அறைக்குள்ளே புழுக்கம் தாங்காமல் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். வெளியே பெஞ்சில் இருந்த எனக்கு அண்ணியின் முதுகும், எதிரே உட்கார்ந்திருந்த தேர்வாளரும் மேட்ரனும் தெரிந்தார்கள். தேர்வாளர் கொடுத்த சொல் ரெசிலியன்ஸேதான். அண்ணி முதலில் மெஷினைச் சொன்னார், பிறகு பாய்லர்காரரைச் சொன்னார். இரண்டிலும் மணி தவறாமல் வந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். மூன்றாவது வாக்கியம் உங்களைப் பற்றி இருக்கட்டும் என்றார் தேர்வாளர்.

 அண்ணி உடைந்த ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார்.

“காலை ஒன்பது இருபது. மெஷின் ரிப்பேர். மூன்று நாள் துணி தேங்கிவிட்டது. ஏழாம் வார்டு மூட்டையைப் பிரித்தேன். ஒரு ஷீட்டில், மூலையில் பச்சை நூல் தையல். என் கணவர் அதில் படுத்திருந்தபோது நான் தைத்தது. அவர் இறந்ததும் அதில்தான். துவைத்தேன். மடித்தேன். மறுபடி ஏழாம் வார்டுக்கு அனுப்பினேன். எண்ணிக்கை, ஒன்று.”

 அந்த நாலாவது நாளைத்தான் சொல்கிறார். அந்த ஷீட்டைத் துவைத்த கைகள்தான் அன்று சாயங்காலம் எனக்குச் சாப்பாடு போட்டன, நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மேட்ரன் தமிழுக்கு மாறிவிட்டார். “வேற யாரையாவது துவைக்கச் சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருக்கலாம்மா. ஆனா கறை இருந்துச்சு. அவசரத்துல அப்படியே விட்டுருவாங்க. அடுத்து அதுல ஒருத்தர் படுக்கணும் இல்லையா?”

தேர்வாளர் தொண்டையைச் செருமினார். சட்டத்தை விடாத மனிதர். “எல்லாம் சரிம்மா. ஆனா நீங்க சொன்னதுல அந்தச் சொல் எங்கயுமே வரலையே.”

 எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். ‘ஷோ’ போடுங்கள் அண்ணி என்று பெஞ்சிலிருந்தே கத்த வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

அண்ணி வலது தோளைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். “எங்க போடறதுன்னு தெரியல சார். நானும் தேடிப் பார்த்துட்டேன். அன்னைக்கு அப்படி ஒண்ணு எங்கிட்ட இருந்த மாதிரியே ஞாபகம் இல்ல. வேலை இருந்துச்சு, செஞ்சேன்.”

 தேர்வாளர் தாளில் எதையோ எழுதி மேட்ரன் பக்கம் தள்ளினார்.

“திங்கக்கிழமையிலிருந்து நீங்க மூட்டை தூக்கக் கூடாது,” என்றார் மேட்ரன். “ஆளுங்களைத் தூக்கச் சொல்லுங்க.”

அண்ணி வெளியே வந்தபோது நான் எழுந்து நின்றேன். அவர் உயரம் என் தோள் அளவுதான். ஆனால் அண்ணாந்து பார்ப்பது போலத்தான் இருந்தது. அடுத்தவர் வாக்கியத்தில் குறை கண்டுபிடித்தே பிழைத்தவன் நான், அவர் சொன்னதில் ஒரு எழுத்தைத் தொடக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

“ஏன் அண்ணி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

“நீங்க அப்ப இருந்த இருப்புக்கு, சொன்னா தாங்கியிருக்க மாட்டீங்க தம்பி,” என்றார்.