அந்த கல்புங்க

என் வீட்டுக்காரர் பட்டாளத்துக்குப் போனதற்குத் தேசபக்தியும் காரணமில்லை, ராஜபக்தியும் காரணமில்லை. பெட்ரோல்தான் காரணம். சண்டை வந்து பெட்ரோல் அருகிப்போய், பஸ்ஸுக்குப் பின்னால் கரியடுப்பைக் கட்டி ஓட்டிய காலம் அது. நாமக்கல்லிலிருந்து எருமப்பட்டி போவதற்குள் வண்டி நாலு தடவை நின்றுவிடும். ஆட்கள் இறங்கித் தள்ளுவார்கள், தள்ளிக்கொண்டே டிரைவரைத் திட்டுவார்கள். அந்த டிரைவர் இவர்தான். "பட்டாளத்துல பெட்ரோல் தண்ணி மாதிரி ஊத்தறாங்களாமா" என்று ஒருநாள் சொன்னார். அடுத்த மாதம் கப்பலேறிவிட்டார். கல்யாணமாகி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் வழியனுப்பும்போதுகூட முகம் கொடுத்துப் பேசவில்லை.

எந்த ஊரில் இருக்கிறார் என்று எழுதக் கூடாது. எழுதினால் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கிற அதிகாரி மை பூசிவிடுவார். ஏதோ அரபு தேசம், அவ்வளவுதான் தெரியும். ‘நலம், நலமறிய ஆவல்’ என்பதற்கு மேல் பெண்டாட்டிக்கு என்ன எழுதுவதென்று அவருக்குத் தெரியாது. ஆசையாக ஒரு வார்த்தை? ம்ஹூம். அதற்குப் பதிலாக அரபுப் பாடம் நடத்துவார். ‘இங்கே ரொட்டிக்குக் குபுஸ் என்று பெயர். ஒட்டகத்துக்கு ஜமல் என்று பெயர்.’ ஒட்டகத்துக்கு என்ன பெயராயிருந்தால் எனக்கென்ன? ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அவர் படித்தது நாலாம் வகுப்பு, நான் ஐந்து.

அடுத்த தெருவில் அத்தர் கடைக்காரர் மனைவி எனக்குச் சிநேகிதி, என் வயதுதான். அவளுடைய அப்பா மதரஸாவில் ஓதிக்கொடுத்தவர், மகளுக்கு அரபியை அர்த்தத்தோடு சொல்லித் தந்திருந்தார். மத்தியானங்களில் ரேஷன் கார்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே அவளிடம் பாடம் கேட்டேன்.

"அனான்னா நான். அந்தன்னா நீ" என்றாள்.

"எந்தன்னா?"

"எந்த இல்ல புள்ள, அந்த."

"அதத்தான் கேக்கறேன், எது?"

அன்றைக்குச் சோற்றில் நறநறவென்று கல் கடிபட்டது.

நன்றிக்கு ஷுக்ரன் என்றாள். "சுக்கிரனா? எனக்கு இப்பச் சனியல்லோ நடக்குது" என்றேன். ஆமாம் என்பதற்கு நஅம், இல்லை என்பதற்கு லா. எனக்கோ எதைச் சொன்னாலும் வாலில் ஒரு ‘ங்க’ தானாக ஒட்டிக்கொள்ளும். "நஅமுங்க, லாங்க" என்றேன். "அரபிக்காரன் இதைக் கேட்டா நாமக்கல்லுக்கே குடி வந்துருவான்" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. ‘சாப்பாட்டுக்குக் கவலையில்லை. ஹபீபி சமைத்துப் போடுகிறார். கைமணம் அபாரம். ஹபீபி இல்லாவிட்டால் துரும்பாக இளைத்திருப்பேன்.’

சிநேகிதியிடம் ஓடினேன். "ஹபீபியா? என் உசுரேன்னு அர்த்தம். உன்ற ஊட்டுக்காரரு அப்படியா எழுதியிருக்காரு? குடுத்து வெச்சவ நீ!" என்றாள். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வயிறு பற்றி எரிந்தது. என் உசுரேவாம்! அவளுக்குப் ‘போடுகிறார்’ என்று மரியாதை வேறு! கடல் தாண்டிப் போன ஆண்கள் அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டு திரும்பாமலே போன கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன். அந்தக் கைமணத்தோடு இவரும் தங்கிவிட்டால் என் கதி என்ன? முந்தானை நனைகிற வரை அழுதேன். அழுது தீர்ந்ததும் கோபம்தான் மிஞ்சியது. திட்டி எழுதுவதென்று தீர்மானித்தேன். அதுவும் அரபியில், அந்த மகராசிக்கும் புரியட்டும் என்று.

சிநேகிதிக்கு வசவு தெரியாது. மிருகங்களின் பெயர்தான் தெரியும். கழுதைக்கு ஹிமார் என்றாள். கழுதை சரிப்படாது, என் மாமியாரே மகனை மூன்று வேளையும் அப்படித்தான் கூப்பிடுவார், அவருக்குப் பழகிப்போன பெயர். "நாய்க்கு?" என்றேன். "கல்ப்" என்றாள். அது போதும்.

‘நலம். உங்கள் ஹபீபி நலமா? கேட்டதாகச் சொல்லவும். அந்த கல்புங்க.’

எழுதி முடித்த பிறகுதான் பார்க்கிறேன், கை பாட்டுக்கு ‘ங்க’ போட்டிருக்கிறது. கட்டின புருஷனை நாயே என்கிறபோதும் மரியாதை விடவில்லை பாருங்கள், வளர்ப்பு அப்படி. மாற்றி எழுத வேறு காகிதமும் இல்லை.

தபாலில் போட்ட மறுநிமிஷமே பயம் பிடித்துக்கொண்டது. இதையே சாக்காக வைத்து வராமல் இருந்துவிட்டால்? வாய்க்கொழுப்பால் வாழ்க்கையையே கெடுத்துக்கொண்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. மூன்று பக்கம்.

‘நீ விசாரித்ததை ஹபீபியிடம் சொன்னேன். எழுபது வயதுக் கிழவர், வாயில் இரண்டே பல். கண் கலங்கிவிட்டார். எங்கள் எல்லாரையும் அவர் ஹபீபி என்றுதான் கூப்பிடுவார், நாங்களும் அவரை அப்படியே கூப்பிடுகிறோம். உன் அரபியை வாசித்துக் காட்டினேன். நாயா, நெஞ்சா என்று கேட்டார். அடித்தொண்டையில் சொன்னால் நெஞ்சாம், மேலாகச் சொன்னால் நாயாம். நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே க தானே? எனக்கும் திக்கென்றுதான் இருந்தது. அப்புறம் ‘ங்க’வைப் பார்த்தேன். நாயை எவளாவது ‘ங்க’ போட்டுச் சொல்வாளா? நெஞ்சுதான் என்று சொல்லிவிட்டேன். இத்தனை ஆசை வைத்திருப்பவளிடம் நான் ஒரு நல்ல வார்த்தை பேசினதில்லை. பெட்ரோல் பெட்ரோல் என்று ஓடிவந்துவிட்டேன். சண்டை முடிந்ததும் முதல் கப்பலில் வருகிறேன். கரி பஸ்ஸானாலும் சரி.’

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சிநேகிதியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "அடிப்பாவி!" என்று கன்னத்தில் கை வைத்தாள். பிறகு நெஞ்சுக்கான கல்பைச் சொல்லித் தந்தாள். வாந்தி வருவதுபோலத் தொண்டையின் அடியிலிருந்து வர வேண்டுமாம். மூன்று நாள் பழகினேன். புருஷன் கப்பலேறி எட்டு மாதமான வீட்டில் அப்படிச் சத்தம் கேட்டால் ஊர் சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டுக்காரி என் வயிற்றையே பார்த்தாள்.

நாலாம் நாள் பதில் எழுத உட்கார்ந்தேன். நலம் எழுதி, கிழவரை விசாரித்து, கடைசியில் மறுபடியும் ‘அந்த கல்புங்க’ என்று போட்டேன். முன்பு எழுதியதற்கும் இதற்கும் ஒரு புள்ளிகூட வித்தியாசமில்லை. இந்தத் தடவை மட்டும், பக்கத்து வீட்டுக்காரி கேட்டாலும் கேட்கட்டும் என்று, அடித்தொண்டையிலிருந்து உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினேன்.